அங்கிளுக்கு அலர்ஜி இல்லை என்று திரை சொன்ன காலை

சில வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த அடுத்த வாரம், கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நடந்தது இது. நான் பங்சாரில் ஒரு சிறிய நிறுவனத்தில் புரோகிராமர். அந்த நிலையத்தில் நோயாளிகளின் விவரங்களைப் படித்துத் தரும் பழைய புரோகிராமை அப்படியே புதிய சர்வருக்கு மாற்றிவிட்டு, திரைகளை மட்டும் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தோம். முதல் நாள் என்பதால் துணைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நர்ஸ் வேகமாக வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. இந்த அங்கிளுக்குப் பென்சிலின் ஆகாதாம். உங்க சிஸ்டம் அலர்ஜி இல்லன்னு காட்டுது லா!"

காப்பாரிலிருந்து வந்திருந்த அந்த அங்கிள் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார். "போன தடவ போட்டப்ப மூஞ்சி வீங்கி மூச்சே நின்னுடுச்சு மா. நர்ஸ் மிஸ்ஸி ஊசியோட வந்ததும் என்ன மருந்துன்னு கேட்டேன். நல்லவேள கேட்டேன்" என்றார்.

அடுத்தடுத்த பெயர்களைத் திறந்தேன். எல்லோருக்கும் 'இல்லை' என்றே வந்தது. புதிய சர்வருக்கு மாற்றியபோது இந்த விவரம் மட்டும் அழிந்துவிட்டதா? மேனேஜரை அழைத்தேன். பழைய புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், அதை எழுதிய மூல வரிகள், சோர்ஸ் கோட், நம்மிடம் இல்லை என்றார் அவர்.

நர்ஸ்கள் ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் மூலையில் ஓர் அம்மா படுத்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போனவர். காய்ச்சல் கொதித்தது. பென்சிலின் ஊசி போட்டாக வேண்டும். வேனில் தனியாக வந்திருந்தார். அவர் மகன் போனை எடுக்கவில்லை. அவருடைய பழைய காகித ஃபைலை ஸ்டோரில் தேடிக்கொண்டிருந்தார்கள், எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

"அக்கா, டாக்டர் காத்திருக்காரு. எவ்ளோ நேரம் ஆகும்?"

அப்போதுதான் ரிஃப்ளெக்‌ஷன் ஞாபகத்துக்கு வந்தது. புரோகிராம் எப்படி எழுதப்பட்டது என்று தெரியாவிட்டாலும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம், 'உன்னிடம் என்னென்ன விவரங்கள் இருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன?' என்று கேட்கிற வழி அது. படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி.

சில வரிகள்தான் எழுதினேன். அவசரத்தில் அதிலும் பிழை. திருத்தி, அங்கிளின் விவரத்தை எடுத்து ஓடவிட்டேன். பெயர், வயது, ரத்த வகை என்று எல்லாம் ஆங்கிலத்தில் இறங்கி வந்தன. கடைசியில் ஒன்று மட்டும் மலாயில் இருந்தது: 'அலாஹான்'. ஒவ்வாமை! பக்கத்திலேயே பென்சிலின்.

எதுவும் அழியவில்லை. எழுதியவர் அதற்கு மட்டும் மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார். எங்கள் திரை 'அலர்ஜி' என்ற பெயரில் தேடியிருக்கிறது. கிடைக்காததும், கிடைக்கவில்லை என்று சொல்லாமல் 'இல்லை' என்று காட்டிவிட்டது. நாங்கள் சோதனைக்காகப் போட்ட கற்பனை நோயாளிகள் யாருக்கும் ஒவ்வாமையே இல்லாததால் எங்கள் கண்ணிலும் படவில்லை.

உடனே அந்த அம்மாவின் விவரத்தை எடுத்தேன். ஒரு வலி மாத்திரை மட்டும்தான் அவருக்கு ஆகாது. அதற்குள் ஸ்டோரில் கிடைத்த பழைய ஃபைலோடு சரிபார்த்த டாக்டர், "ஓகே, போடலாம்" என்றார். நர்ஸ் பெருமூச்சு விட்டு என் தோளைத் தட்டிவிட்டு ஓடினார்.

மதியத்துக்குள் திரையைச் சரிசெய்துவிட்டேன். ஒவ்வாமை சிவப்பு எழுத்தில் வந்தது. வேறு மருந்து போட்டுக்கொண்ட அங்கிள் கிளம்பும்போது, "என்ன மா, கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியாயிடுச்சா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காரில் போய் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது, நிம்மதியில்.

இன்றும் ஏதாவது ஒரு திரையில் 'இல்லை' என்று பார்த்தால், மூச்சே நின்றுவிட்டது என்று சொன்ன அந்த அங்கிளின் முகம் வருகிறது. நிஜமாகவே இல்லையா, நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.