கடைசி ஆள் யார் என்று கேட்டவள்

இத்தாலியில், எங்கள் பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. பக்கத்தில் சரக்குக் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணை வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கடை கியூபாக்காரி மிர்த்தா மோசம் போயிட்டாவாம். காலமை ஆஸ்பத்திரியிலை. நெஞ்சுவலியாம்."

எடுத்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்தேன். இங்கே அவளைத் தெரிந்த உங்களில் பலர் அன்றைக்கு அழுதீர்கள். எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை. இதிலும் எனக்கு முந்திவிட்டாளே என்ற எண்ணம்தான் வந்தது. சீ, என்ன மனம் இது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் நான் இரண்டாம் மாடி வீட்டுக்கார அம்மாவிடம், சிஞ்ஞோராவிடம், வேலை செய்தேன். மிர்த்தா நாலாம் மாடியில் படுக்கையில் கிடந்த கிழவரைப் பார்த்துக்கொண்டாள். ஏழு வருடம் மொட்டைமாடியில் ஒரே கொடியில் உடுப்புக் காயப்போட்டோம். "மிர்த்தாவைப் பார், எந்நேரமும் சிரிப்பு" என்று என் சிஞ்ஞோராவே என்னிடம் சொல்லுவார். என் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு நாலாம் மாடிக்கு ஓடுவாள். நான் பெற்ற பிள்ளை! வயிறு எரியாதா?

கொடியடியில் அவள் தன் ஊரைப் பற்றிக் கதைப்பாள். எங்கள் இரண்டு பேருடைய அரைகுறை இத்தாலியத்தில்தான் அந்தக் கதைகள் எல்லாம். ஹவானாவில் கரண்ட் இல்லை, பஸ் இல்லை, சவர்க்காரம் இல்லை. அடுக்குமாடி வீட்டில் குளிக்கிற தொட்டிக்குள் பன்றி வளர்க்கிறார்கள். அது கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் கோபிப்பதில்லை, எப்போது வெட்டப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்களாம். கரண்ட் திரும்பி வந்தால் தெரு முழுக்க ஒரே கூச்சல். "இல்லாததை வைச்சுச் சிரிக்கப் பழகாட்டி எங்கடை ஊரிலை ஒருநாளும் இருக்கேலாது" என்பாள்.

எங்கள் ஊரிலும் அப்போது சண்டையால் அதே கதைதானே. கரண்ட் இல்லை, சவர்க்காரம் இல்லை. அம்மா பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தா. தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டான். ஆனால் மிர்த்தா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி நிறையச் சவர்க்காரத்தோடு போய்த் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு ஊருக்குப் பாதையே இல்லை. கடிதம் வந்தால் உண்டு. எனக்கு அவள்மேல் இருந்தது பொறாமை. வேறு பெயர் தேடத் தேவையில்லை.

வெளிநாட்டுக்காரர் கடதாசிக்கு அலைகிற பொலிஸ் கந்தோரான கெஸ்தூராவில், வெயிலில் இடிபட்டு நின்ற எங்களுக்கு வரிசை பழக்கியவள் அவள்தான். கியூபாவில் யாரும் வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லையாம். வந்தவுடன் "கடைசி ஆள் யார்?" என்று கேட்க வேண்டும். அந்த ஆளின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு நிழலில் போய் இருக்கலாம். "வரிசை காலிலை இல்லை, வாயிலை இருக்கு" என்பாள். மொரிசியஸ்காரர், நாங்கள், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

ஒரு வருடம் இருவருக்கும் பெர்மெசோ, இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்க வேண்டியிருந்தது; அது இல்லாமல் ஊருக்குப் போய்வர ஏலாது. அவள் கையில் ஊருக்குப் போகும் டிக்கெட் இருந்தது. "உனக்குப் பின்னாலை நான். அம்மாவோடை போனிலை கதைச்சிட்டு ஓடியாறன்" என்று சொல்லிப் போனாள். அம்மாவோடை என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. சற்று நேரத்தில் ஒரு மொரிசியஸ் பெண் வந்து கடைசி ஆள் யார் என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

மிர்த்தா திரும்பி வந்தபோது எனக்குப் பின்னால் இருபது பேருக்கு மேல். யாரும் விடவில்லை. நீ சொல்லேன் என்பது போல என்னைப் பார்த்தாள். நான் என் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் வால்பக்கம் போனாள். அவள் முறை வருமுன்பே அன்றைய ஜன்னல் மூடிவிட்டது. பெர்மெசோ பிந்தியது, டிக்கெட்டின் நாள் போய்விட்டது. இரண்டு மாதத்தில் அவளுடைய அம்மா செத்துப்போனா.

அவளும் என்னைப் போல் ஆகவேண்டும் என்றுதானே எரிந்தேன்? ஆகிவிட்டாள். நாலாம் மாடிக்குப் போனேன். கிழவரின் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"உன்ரை அம்மா இருக்கிறா தானே? கடிதம் எழுது. பதில் வராட்டிலும் எழுது" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். "ஓம்" மட்டும்தான் வந்தது. நான் செய்தது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று வருடக்கணக்காக என்னையே ஏமாற்றினேன். தெரியும். அந்த நாளுக்குப் பிறகு எந்த வரிசையிலும் மிர்த்தா தன் இடத்தை விட்டு நிழலுக்குப் போனதில்லை.

நேற்றுக் காலை மறுபடி கெஸ்தூரா. ஊரிலிருந்து புதிதாய் வந்த ஒரு பிள்ளை, யார் சொல்லிக் கொடுத்தார்களோ, என்னிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, கடைசி ஆள் ஆர்?"

"எனக்குப் பின்னாலை ஒரு ஆள் இருக்கிறா. நீங்கள் அவவுக்குப் பின்னாலை."

அவள் என் பின்னால் வெறும் நிலத்தைப் பார்த்தாள். "எங்கை அக்கா? ஒருத்தரையும் காணேல்லை."

"அம்மாவோடை கதைக்கப் போயிட்டா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அந்தப் பிள்ளை ஓர் அடி பின்னால் போனாள். மிர்த்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஓர் அடி நிலம்தான். ஜன்னல் வரும்வரை அதை ஒருவருக்கும் விடவில்லை.