மாப்பிள்ளை அடக்கி வைத்தது

ஊரார் கழிக்கும் சிறுநீரைத் தனிக்குழாயில் வாங்கி, நாற்றம் போக்கி, உரமாக்கும் கொட்டகையில் மாப்பிள்ளைக்கு வேலை. தொழில் பக்தி முற்றிப்போய், வேறு எங்கும் ஒரு சொட்டுகூட விடமாட்டார் மனுஷன். எவ்வளவு முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்கே கொண்டுவந்து சேர்ப்பார். வீணாய்ப் போவதற்கு மனசு கேட்காது.

மாமியார் வீட்டில் ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் நெளிந்தார், எழுந்தார், கால் மாற்றி மாற்றி நின்றார்.

மாமியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “காலையிலேயே தேய்ச்சுக் கழுவி வச்சிருக்கேன். எங்க வீட்டு பாத்ரூம் மாப்பிள்ளைக்கு ஆகாதாமா?” என்று மகளிடம் பொரிந்தார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அதற்குள் மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓட்டம் பிடித்தார்.

அடுத்த முறை போனபோது மாமியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். கையில் இறுக மூடிய பெரிய கேன்.

“மாமாவோடது. ஒரு வாரமா சேர்த்து வச்சிருக்கார்” என்றவர், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அவருக்குச் சர்க்கரை இருக்கு மாப்பிள்ளை. செடிக்கு ஒண்ணும் ஆகாதே?”