ஆரோக்கியம் அண்ணன் வைத்த இரண்டாவது பெட்டி

மில் ஆபீஸ் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார் என்று அவர் சம்சாரம் போனில் சொன்னது. சீமாறு குச்சி குச்சியாகச் சிதறும்வரை சுவரில் அடித்தேன். வலிப்பு வந்து செத்தார் என்று அவரோடு வேலை செய்த நீங்கள் யாரும் சொல்லாதீர்கள். அந்த வலிப்பு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண்டையில் விழுந்த அடியால் வந்தது. அடித்துத்தான் கொன்றார்கள்.

நம் மில்லின் கேமராப் படமெல்லாம் சேருகிற பெட்டி அவர் பொறுப்பு. அந்த ரூமைக் கூட்டுவது நான்; ஒரு சாவி என்னிடமும் இருக்கும். பெட்டியில் எட்டு டிஸ்க்குக்கு இடம் இருந்தும் நாலுதான் போட்டிருந்தார். "காலி எடத்துக்கு எதுக்குங்க இத்தன பெரிய பெட்டி?" என்று மேனேஜர் நக்கலடித்தார். "மாடு சினையா இருக்கறப்பவே கன்னுக்கும் எடம் உடோணுமுங்க" என்றார் அண்ணன். எல்லாக் கேமராவும் ஒரே டிஸ்க்கில் எழுதினால் நெரிசலில் படம் விட்டுப்போகும் என்று நாலுக்கும் பிரித்துவிட்டிருந்தார்.

இன்னொரு பெட்டி வாங்கி, அதே படத்தைத் தூரத்தில் ஹாஸ்டல் மாடியில் வைக்க வேண்டும் என்று சண்டையே போட்டார்.

"டிஸ்க் ஒண்ணு கெட்டா இன்னொண்ணு காப்பாத்துமுங்க. கடப்பாரை வந்தா எல்லாமே போயிருமுங்க."

"யாருய்யா கடப்பாரையோட வரப்போறா?" என்று சிரித்துக்கொண்டே மேனேஜர் கடைசியில் வாங்கிக் கொடுத்தார். ராத்திரியானால் அன்றைய படம் அந்தப் பெட்டிக்கும் போய்விடும்.

புது ஷெட் வந்து கேமரா இரண்டு மடங்கானது. காலி இடத்தில் புது டிஸ்க்குகளைச் செருகினார். இல்லாவிட்டால் இடம் பற்றாமல் பழைய படம் பத்தே நாளில் அழிந்துபோயிருக்கும்.

அடுத்த மாதம், மில்லுக்கு ஆள் சேர்க்கும் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் ஹாஸ்டல் பெண்ணை அறைந்தான்; அவனை என் வீட்டுக்காரர் தட்டிக் கேட்டார். காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் அவரைக் குடோனில் போட்டு இரும்புப் பைப்பால் அடித்தார்கள். பஞ்சு பேல் கட்டு மேலிருந்து விழுந்துவிட்டார் என்றார்கள். இருபது நாள் கண் திறக்காமல் கிடந்து செத்தார். அதற்கப்புறம்தான் போலீஸ் படம் கேட்டது. படம் இருந்தது. கோர்ட்டில் போட்டுக் காட்டியபோது எண்ணினேன். பதினொரு அடி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள்.

ஆனால் போலீஸ் வருவதற்கு முன்னால், அன்று மத்தியானம், காண்ட்ராக்டர் வந்தான். என் கழுத்தில் கடப்பாரை முனையை வைத்தான். "சாவியக் குடு. இல்லாட்டி உன்ற புருசன் போன எடத்துக்கே போயிருவ." கொடுத்துவிட்டேன். பெட்டியை நசுக்கினான். சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன், குனிந்து டிஸ்க்கைப் பொறுக்கினார். காலடிச் சத்தம் கேட்டு அலமாரி மறைவில் ஒதுங்கியிருந்த காண்ட்ராக்டர் பின்னாலிருந்து அடித்தான். ரத்தம் என் சேலையில் தெறித்தது. நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் தலைக்கட்டோடு அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாவது பெட்டி பத்திரமா அம்மணி?" நான் அழுதேன். "சாவிக்கு அழுவாதீங்க. கதவு தொறந்து கெடந்துச்சுன்னு சொல்லிட்டனுங்க" என்றார். அடித்தவன் யாரென்று அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போயிருந்தேன் என்று போலீசிடம் பொய் சொன்னேன்.

காண்ட்ராக்டர் இன்றும் மில்லுக்கு வருகிறான். "நல்லாருக்கீங்களா அம்மணி?" என்று சிரிக்கிறான். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சாவியைக் கொடுத்தது யார் என்று இரண்டு வருஷமாகப் பேசுகிறீர்களே, நான்தான். அன்றைய படம் ஹாஸ்டலுக்குப் போகும் முன்பே பெட்டியை உடைத்தான்; அதற்கப்புறம்தான் அண்ணனை அடித்தான். அதனால் அவர் வாங்கிய அடி எந்த டிஸ்க்கிலும் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு அடி. ஒன்று காதுக்கு மேலே. இன்னொன்று அவர் விழுந்த பிறகு. நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லப்போகிறேன். எனக்கு ஏதாவது ஆனாலும் அழியக் கூடாது என்றுதான் உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.