பூங்கொடி வீட்டு அணில்

மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்பி, அதன் ஹாரன் ஜி.எஸ்.டி. சாலை இரைச்சலில் கரையும் வரை பூங்கொடி அசையமாட்டாள். கரைந்த பிறகுதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தோட்டத்துக் கதவைத் திறப்பாள். செருப்புச் சத்தம் கேட்க வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் திருட்டுக்கென்று ஒரு முறை இருக்கிறதல்லவா?

திருடுவது சொந்தத் தோட்டத்தில்தான். விதை அவள் ஊன்றியது, தண்ணீர் அவள் ஊற்றுவது. பறிக்கும் அதிகாரம் மட்டும் கணவர் தீனதயாளனிடம் இருக்கிறது. அவர் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே தலைமுடி அளவு பிசகினாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். வீட்டில் நேர்மாறு. எதையும் பறிக்க மனசு வராது.

"இன்னும் ரெண்டு நாளு வுடு. வளந்துகினு கீதுல்ல?"

அந்த ரெண்டு நாள் பத்து நாளாகும். அவரைக்குள் கோலிக்குண்டு உருளும். வெண்டைக்காயை நறுக்க விறகு வெட்டுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும். பீர்க்கங்காய் சமையலறையைத் தாண்டிக் குளியலறைக்குப் போய் முதுகு தேய்க்கும். அதில் தீனதயாளனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பக்கத்தில் தன் முழங்கையை வைத்துப் படமெடுத்து, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. காய் பிறந்த பயனை அடைந்துவிட்டது.

பூங்கொடிக்குப் பிஞ்சு வேண்டும். பனி ஈரத்தோடு கிள்ளும்போது காம்பு விரலுக்குள் 'டக்'கென்று விடும். அது விட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும். கத்தரி முள் குத்தினால் விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போவாள். அவரைப் பந்தலில் இலையைப் புரட்டி, மறைவிலிருக்கும் கொத்தைக் கண்டால், "இங்கயாடி ஒளிஞ்சுகினு கீற?" என்று செல்லமாக மிரட்டித்தான் பறிப்பாள்.

குறைகிற காய்க்கு அணில் பொறுப்பு.

"அதுக்கு இன்னா கொழுப்பு பாரேன். பிஞ்சா பாத்து தூக்கினு போவுது" என்று சாயங்காலம் தீனதயாளன் பொருமுவார்.

"அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு கீதுல்ல" என்பாள் பூங்கொடி, அவரைக்காய்க் கூட்டைப் பரிமாறியபடி. கடையில் வாங்கியது என்று சொல்லப்பட்ட அவரைக்காய்.

"கடக்காரன் நல்ல காயாதான் போடறான். ஆனா நம்மள்து முழுசா வளந்துச்சுன்னா இத தூக்கி சாப்ட்டுடும்" என்று சொல்லி, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார். அணிலுக்காக வலை வாங்கிக் கட்டினார். அணில் வலையை அவிழ்த்து, வேலையை முடித்து, மறுபடி ஒழுங்காகக் கட்டிவைத்துவிட்டுப் போயிற்று.

சுரைக்காய்தான் சிக்கல். பந்தலில் தொங்கியது ஒன்றே ஒன்று. அதைத் தூக்கிப்போக எந்த அணிலுக்கும் திராணி இல்லை. பூங்கொடி யோசித்தாள். பிஞ்சை அறுத்துக்கொண்டு, கடையில் அதே நீளத்தில் ஒன்றை வாங்கிவந்து, பச்சைத் தையல் நூலை நாலு இழையாகத் திரித்து, அதே இடத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அது வாடுமுன் இன்னொன்று, சற்றுப் பெரிதாக. பிஞ்சில் கை பட்டால் வெம்பிப்போகும் என்று தீனதயாளன் எட்ட நின்று காற்றிலேயே சாண் போட்டு அளக்கிறவர். அது வசதியாகப் போயிற்று. ஒரு தடவை கடையில் சின்னதுதான் கிடைத்தது.

"வெயில்ல சுருங்கிகினு கீது. தண்ணி பத்தல" என்றார்.

அடுத்து வந்தது குண்டாக இருந்தது. "பாத்தியா? தண்ணி ஊத்தனதும் ஊதிகிச்சு."

வம்பு, படாளம் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தது. தீனதயாளனின் அக்கா சரோஜா. நிலம் நீச்சு உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பூங்கொடி போடும் உப்பைக்கூட நம்பாதவள். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும் தம்பி அவளை நேரே தோட்டத்துக்கு இழுத்துப்போனார்.

"யக்கா, இத பாரு. நீ வந்து அறுக்கணும்னே வுட்டு வச்சிகினு கீறேன்."

கத்தியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, போனைத் தூக்கி வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

பூங்கொடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாத்தனார் முன்னால் மானம் போவதுகூட அப்புறம். நாளையிலிருந்து தோட்டத்துக் கதவின் சாவி தினமும் கம்பெனி பஸ்ஸில் மறைமலைநகர் போய்வரும். அவர் மனசு வந்து பறித்துத் தருவதைத்தான் ஆயுசுக்கும் ஆக்கித் தின்ன வேண்டும்.

"அண்ணி, காபி ஆறிப்போவுது..."

"ஆறட்டும்மே."

சரோஜா காயைத் தடவினாள். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். காம்பைப் பிடிக்கப் போன கை அங்கேயே நின்றது. நூலை விரலால் நெருடினாள். பிறகு மெல்லத் திரும்பிப் பூங்கொடியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காம்பு கெட்டியா கீதா?" என்றார் தம்பி, போன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"செம கெட்டி. யாரோ புடிச்சு கட்டி வச்சா மாதிரி கீது."

முடிச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் அறுத்தாள். நூல் அவள் இடுப்புச் செருகலுக்குள் போயிற்று. சுரைக்காயைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இத நீயே வச்சிக்க நைனா. எனக்கு பல்லு ஆடிகினு கீது. அவரை, வெண்டை ரெண்டும் பிஞ்சா ஒரு பை குடு."

"பிஞ்சுல இன்னாக்கா கீது? வெறும் தண்ணி."

"உன்ன எவன் கேட்டான்? பூங்கொடி அறுக்கட்டும். அவளுக்குத்தான் கை பழகியிருக்கு. நான் வாரா வாரம் வந்து வாங்கிகினு போறேன்."

இது தயவா, மாமூலா என்று பூங்கொடிக்குப் பிடிபடவில்லை. சரோஜா பையை உதறி விரித்து நீட்டினாள்.

பூங்கொடி செருப்புக் காலோடு வெண்டைப் பாத்தியில் இறங்கினாள். நல்ல வெயில். கணவர் மூன்றடி தள்ளி நிற்கிறார். போனில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விரல் நீளம்கூட வராத ஒன்றைக் கிள்ளினாள்.

"ஐயோ, அது இப்பதாம்மே பூ உதுந்துச்சு" என்றார் தீனதயாளன்.

பூங்கொடி கையிலிருந்த பிஞ்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பையில் போடவில்லை. வாயில் வைத்து, நறுக்கென்று கடித்தாள்.