டொரண்டோ – துபாய்: பதிமூணு மணி நேர துஆ

எல்லா உறவுகளுக்கும் என் சலாம். நான் கொடைக்கானல் பஜார்ல பிறந்து வளர்ந்தவன். இப்ப டொரண்டோவுல ஒரு ஓட்டல்ல பிரியாணி மாஸ்டர். போன மழைக்காலத்துல அல்லாஹ் எனக்குச் செஞ்ச உதவிய மனசுக்குள்ளயே பூட்டி வைக்க முடியல.

என் பீவி சபீனாவுக்கு எட்டாம் மாசம். பிரசவத்துக்குப் பக்கத்துல இருக்கணும்னு லீவு போட்டுக் கெளம்பினேன். விமானத்துல ஏறி பெல்ட் போடுறேன், அம்மா போன். சபீனாவுக்குத் திடீர்னு ரத்தப்போக்கு. கொடைக்கானல் ஆஸ்பத்திரில, இங்க முடியாது, திண்டுக்கல்லுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்களாம். ஆம்புலன்ஸ்ல மலை எறங்குறப்ப, ஊத்துங்கிற ஊருக்குக் கீழ ரோட்டுக்குக் குறுக்க பெரிய மரம் விழுந்து கெடக்கு. முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி.

நான் எறங்கிடவான்னு கேட்டேன். கிறுக்குத்தனமான கேள்வி. எறங்கி எங்க போறது?

அம்மா அழுகல. "நீ இப்ப முசாபிர். பயணத்துல இருக்கவன் கேக்குற துஆவ அல்லாஹ் தட்டமாட்டான். எங்களால ஆனத நாங்க பாக்குறோம். நீ கேளு."

அதோட விமானத்துல போன அணைக்கச் சொல்லிட்டாங்க.

டொரண்டோவுலருந்து துபாய்க்குப் பதினோராயிரம் கிலோமீட்டர். பதிமூணு மணி நேரம். காசு கட்டி இன்டர்நெட் போட்டேன், சுத்திக்கிட்டே இருந்துச்சே தவிர வரல. முன்னாடி திரையில மீதித் தூரம் ஓடுது. எத்தன தடவ பாத்தாலும் கொறைஞ்ச மாதிரியே இல்ல. எவ்வளவு பெரிய பிரியாணி தேக்சாவா இருந்தாலும் கிண்டி எறக்கிருவேன், இங்க கைக்கு ஒரு சோலியும் இல்ல. அல்லாஹ் மேலயே கோவம் வந்துச்சு, மறைக்கல. நடுக்கடலுக்கு மேல தூக்கி வச்சுட்டு இப்பக் கேக்கச் சொல்றியேன்னு.

அப்புறம் சீட்டுல உக்காந்தபடியே தொழுது கைய ஏந்தினேன். முதல்ல, என்னைய வெரசாக் கொண்டு விட்டுருன்னுதான் கேட்டேன். கேக்குறப்பவே உறைச்சது. நான் வந்து என்ன செய்யப் போறேன்? நான் என்ன டாக்டரா? "யா அல்லாஹ், நான் எப்ப வேணா வர்றேன். அவகிட்ட யாரையாவது இப்ப அனுப்பு." இதையேதான் கடைசி வரைக்கும் கேட்டேன்.

துபாய்ல சக்கரம் தரையத் தொட்டதும் போனப் போட்டேன். அம்மா எடுத்தாங்க.

"பொம்பளப்புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு."

அல்ஹம்துலில்லாஹ். சீட்டுலயே குனிஞ்சு அழுதேன்.

ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லாம நின்னப்போ, வரிசைக் கடைசியில காப்பி மூட்டையோட ஒரு தாண்டிக்குடி ஜீப் நின்னுருக்கு. ஓட்டுன அண்ணன் கழுத்துல பழனிக்குப் போட்ட மாலை. யாரும் கூப்பிடல. விஷயம் தெரிஞ்சு தானா வந்து, மூட்டைகள மழையில ரோட்டோரமா எறக்கிப் போட்டுட்டு, சபீனாவப் படுக்க வச்சு, ஆம்புலன்ஸ்ல வந்த நர்ஸம்மாவையும் ஏத்திக்கிட்டு, வந்த வழியே திரும்பி, பெரும்பாறை வழியா திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேத்துட்டார். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கையில ஒண்ணும் மிஞ்சியிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம்.

முன்னெல்லாம் பயணம்னா எனக்குப் படம் பாக்குறதும் தூங்குறதும்தான். இப்ப பஸ்ஸுல வத்தலக்குண்டு வரைக்கும் போனாக்கூட யாருக்காவது கேக்காம இருக்கிறதில்ல. அந்த அண்ணனுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்.

உங்க ஆளு சீக்காக் கெடக்க, நீங்க எங்கயோ தூரத்துல மாட்டிக்கிட்டா, கையாலாகாதவனாப் போயிட்டோமேன்னு குமுறாதீங்க. கேளுங்க. நாம எறங்குறதுக்கு முன்னாடியே அவனோட உதவி அங்க வந்து நிக்கும்.