சத்தத்துக்கு ஒரு லிவர்

கண்ணாடிக்காரர் எதையாவது சொல்வதற்கு முன் வலது உள்ளங்கையை விரித்து ஒரு முறை ஊதிக்கொள்வார். லேத்தில் வேலை செய்பவர்கள் கையில் ஒட்டிய இரும்புச் சீவலை ஊதித் தள்ளுகிற அதே ஊதல். கையில் ஒன்றும் இல்லாதபோதும், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும், பேச்சுக்கு முன் அந்தக் காற்று வந்துவிடும். "மந்திரிக்கிறாராம்" என்பாள் மனைவி, சுவரைப் பார்த்து.

மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பழுது பார்ப்பவர். பிற்பகலில்தான் கடைக்குப் போவார். குடியிருப்பு மனைவியின் அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில். மச்சான் மாடியில். வீடு யாருடையது என்பதை வாய்விட்டு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் திறந்தால்தான் கீழே வரும் குழாய் சொல்லும், வாசல் கேட்டின் பூட்டு சொல்லும். தன்னுடையது என்று அவர் கை வைக்க அங்கே இருந்தது ஒன்றுதான்: சலவை அறை மேஜையில் திருகி வைத்திருந்த சின்ன லேத். கடைக்கு வேண்டிய பொடி ஸ்க்ரூக்களை அதில் கடைவார். வேலை இல்லாத நாளில் எதற்கும் உதவாத பித்தளைக் குமிழ்களைக் கடைவார்.

மச்சான் தொழிற்சாலையில் ஆள் உயர லேத் ஓட்டும் டர்னர். இரவு ஷிஃப்ட், பகலில் தூக்கம். "இது லேத்தா, தையல் மெஷினா?" என்று முதல் நாளே கேட்டவர். ஒரு காலை மாடிப்படியில் நின்றபடி தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள, இதுக்கு நேர் மேல படுத்து நான் கண்ணசர்ற நேரம் பாத்து உங்க பொம்மை கத்துது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா நானே தூக்கி கேட்டுக்கு வெளிய வெச்சிடுவேன்."

மனைவி துணியைப் பிழிந்துகொண்டே, அண்ணன் சொல்வதில் என்ன தப்பு என்றாள். ஊதிய உள்ளங்கை அப்படியே நின்றது.

சத்தம் மோட்டாரில் இல்லை. இடப்பக்க மூடிக்குள் மூன்று பல்சக்கரங்கள். வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் சக் சுழன்றால் அவையும் சுழலும். அவை சுழன்றால் லீட் ஸ்க்ரூ என்கிற நீளத் திருகு சுழன்று, உளி ஏறிய வண்டியை இழுத்துப் போகும். திருகாணியின் சுற்றுவரியான மரையை வெட்ட அது வேண்டும். மற்ற நேரத்தில் வேண்டாம். ஆனால் நிறுத்த வழியில்லை. ஸ்பானர் எடுத்து நடுச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், மரை வெட்ட மறுபடி மாட்ட வேண்டும். கிரீஸ் முழங்கை வரை ஏறும். அதனால் அவர் கழற்றியதே இல்லை. அந்த மெஷினைச் செய்தவன் சக்கரத்தை விலக்கும் ஒரு லிவருக்குக் கஞ்சத்தனம் பட்டிருந்தான். அந்தக் கஞ்சத்தனம் பற்களைக் கடித்துக்கொண்டு கடகடத்தது.

லிவரை அவரே செய்தார். நடுச் சக்கரத்தைத் தாங்கிய ஆணியைப் பிடுங்கி ஒரு தடித்த தகட்டில் பொருத்தினார். தகடு ஒரு முனையில் ஆடும். இப்படித் தள்ளினால் பற்கள் கோத்துக்கொள்ளும், அப்படி இழுத்தால் விலகும். ஸ்பிரிங் வைத்த முளை இரண்டு குழிகளில் ஒன்றில் விழுந்து அதைப் பிடித்து நிறுத்தும். மூடியில் பிளவு அறுத்து லிவரை வெளியே நீட்டினார். இந்த வேலைக்காகச் சக்கரம் கழன்று கிடக்க, மோட்டார் மட்டும் மெல்ல முனகிய காலையிலும் மச்சான் படியில் வந்து நின்று இருமினார்.

ஞாயிறன்று மச்சான் பனியனோடு இறங்கி வந்தார். கையில் ஒரு ராடு, ஒரு நட்டு. மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். கண்ணாடிக்காரர் லிவரை விலக்கி மோட்டாரைப் போட்டார். மின்விசிறி அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை.

"சத்தம் போச்சு, சரி. மரை வருதா பாப்போம். இந்த நட்டுக்கு."

பல்லைக் கோத்து முதல் வெட்டு ஓடியது. வழக்கம்போல மோட்டாரைத் திருப்பிச் சுழலவிட்டு உளியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது வெட்டு. ராடில் கோடுகள் சீராக மின்னின.

"எதுக்கு மாப்ள மோட்டாரைப் பின்னால ஓட்டிக்கிட்டு? அதான் லிவர் போட்டிருக்கீங்களே. விலக்கிட்டு கையாலயே சுத்திக் கொண்டாங்க."

அந்தக் குரலில் இருந்த மரியாதை புதிது. அதற்கே அவர் சுதாரித்திருக்க வேண்டும். பெருமை தலைக்கேறி லிவரை இழுத்தார், கைப்பிடியைச் சுற்றினார், திரும்பக் கோத்தார். பிரிந்த சக்கரம் விட்ட பல்லையே தேடிப் பிடிக்காது. கிடைத்த பல்லில் கோத்துக்கொள்ளும். மூன்றாவது வெட்டு பழைய கோடுகளின் முதுகில் ஏறி எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டது. வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்ற மச்சானுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நட்டு ஏறவில்லை. மச்சான் ராடை விரலால் தடவினார்.

"அருமையான அரம். சாயங்காலத்துக்குள்ள இந்தச் சாமான் வெளிய போயிடணும்."

மனைவி மூக்கால் சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் மேஜைக்கும் மச்சானுக்கும் நடுவில் வந்து நின்றார். மேஜையில் கிடந்த ஸ்பானர் கைக்கு வந்திருந்தது.

"நீங்க கேட்டது சத்தம் நிக்கணும்னு. நின்னுடுச்சு. மரையப் பத்தி உங்களுக்கு நான் வாக்குக் குடுக்கல. இதுமேல கை வெச்சுப் பாருங்க மச்சான்."

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் நட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

லேத் இருந்த இடத்திலேயே இருந்தது. பேச்சுதான் நின்றது. வாடகைக்காரன், பொம்மைக்காரன் என்ற சொற்கள் மட்டும் மனைவி வழியாகக் கீழே வந்தன.

மழைக்காலத்தில் சலவை அறையின் மேல்தளம் ஒழுகியது. ஒழுகும் இடத்தை மேலிருந்து காட்டக் கொத்தனார் அவரை மாடிக்குக் கூப்பிட்டார். லேத்துக்கு நேர் மேலே இருந்த அந்த அறைக்குள் அவர் அதுவரை போனதில்லை. அட்டைப் பெட்டிகள், கால் உடைந்த நாற்காலி, உருட்டிக் கட்டிய பாய்கள். கட்டில் இல்லை.

மச்சான் எங்கே படுப்பார் என்று கேட்டார். மச்சானின் மனைவி முன்பக்கத்தைக் காட்டினாள்.

"அவரு படுக்கைய அந்த முன்கோடி ரூமுக்கு மாத்திக்கிட்டு எவ்வளவோ வருசமாச்சே. உங்க மெஷின் வர்றதுக்கு முந்தியே. இது சும்மா சாமான் போடுற ரூம்தான். வாராவாரம் உங்க வீட்டுக்காரிதானே வந்து பெருக்கிட்டுப் போறா, சொல்லலையா?"