தினேஸ்வரி கோஸ்தான் போன பாதை

பாகான் டத்தோவில் ஒரு பெண், துரத்தி வந்த கடலுக்கு முதுகே காட்டாமல் பள்ளி வேனைப் பின்னோக்கி ஓட்டித் தப்பினாராம். வண்டி எதிலும் இடிக்கவேயில்லையாம். ஈப்போ டீக்கடைகளில் ஒவ்வொரு தே தாரிக்குக்கும் இந்தக் கதை ஒரு மைல் நீண்டது. தெலுக் இந்தானைத் தாண்டி வேன் ஈப்போவுக்கே வந்துவிடும் போலிருந்ததால், நானே போய்ப் பார்த்தேன்.

"பொய் இல்லண்ணே, கோஸ்தான்தான் போனேன்," என்றார் வேன் ஓட்டும் தினேஸ்வரி.

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நம் மலேசியாவில் அதுதான் பேர். கப்பலில் 'கோ அஸ்டர்ன்', பின்னால் போ, என்று கத்தியது கரையேறி இப்படி ஆனது என்பார்கள். அந்த 'கோ' நம் 'போ' மாதிரியேதான். அதை வைத்துக் கரண்டும் போகும், மானமும் போகும், உயிரும் போகும். ஆங்கில 'கோ' தன் இறந்தகாலமான 'வென்ட்'டை வேறொரு வினைச்சொல்லிடம் இரவல் வாங்கியது. இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்று கடல் பெருக்கில் மண்கரை உடைந்து, தென்னந்தோப்புக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கும் இடைப்பட்ட பாதையில் வேனுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. இரு பக்கமும் ஆழமான வாய்க்கால், திருப்ப இடமில்லை. மழையில் கண்ணாடிகளில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பிள்ளைகள்.

"எல்லாரும் பின்னால பாத்து முட்டி போடுங்க. நீங்கதான் எனக்குக் கண்ணு."

"இடது ஆன்ட்டி!"

"போடா, வலது!"

பின்னால் திரும்பிய பிள்ளைகளின் இடது, தினேஸ்வரிக்கு வலது. ஒரு சக்கரம் வாய்க்கால் ஓரத்தில் சறுக்கியது.

"இடதும் வேணாம், வலதும் வேணாம். இந்தப் பக்கம் தென்னை, அந்தப் பக்கம் செம்பனை. எது கிட்ட வருதோ அது பேரச் சொல்லுங்க."

"தென்னை ஆன்ட்டி, தென்னை... இப்ப செம்பனை..."

தண்ணீர் பின்தொடர, பெரிய சாலைவரை அப்படியே வந்திருக்கிறார்கள்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு குடுப்பா? வேற வழி இல்லலா."

லூமுட்டில், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற மகேந்திரனிடம் இதைச் சொன்னேன்.

"கப்பல்லயும் இடது வலது சொல்ல மாட்டோம். எப்படித் திரும்பி நின்னாலும் மாறாத பேரு ரெண்டு பக்கத்துக்கும் உண்டு, போர்ட், ஸ்டார்போர்ட்னு. அதைக் கண்டுபிடிக்க எத்தன தலைமுறை ஆச்சோ. அந்தம்மாவுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

ஒரு சக்கரம் சறுக்கும் நேரம்.

வதந்தியில் ஒன்றுதான் தப்பு. பாதை முடிகிற இடத்தில் சன்னாசி வீட்டுப் பப்பாளி மரம் நின்றது. அது தென்னையும் இல்லை, செம்பனையும் இல்லை. எந்தப் பேரைச் சொல்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வேன் இடித்து மரம் சாய்ந்தது. சன்னாசி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிள்ளைகளை ஒவ்வொருவராய்த் தூக்கி இறக்கினார்.

இப்போது தினமும் வேன் கடக்கும்போது வாசலிலிருந்து கேட்கிறார்:

"தினேசு, பதிலுக்குத் தர்றேன்னு சொன்ன பப்பாளிக் கன்னு எங்க?"

"அடுத்த வாரம்ண்ணே."

அடுத்த மழைக்காலமே வந்துவிட்டது, கன்று இன்னும் வரவில்லை.